கொருக்குப்பேட்டையில் வில் வாங்கியது

சீட்டுப் பணம் இருபத்தாறாயிரம்
சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில்.
கேட் போட்டிருந்தார்கள்.
கூட்ஸ் வருவதற்குள் படியேறிவிட்டேன்.
கீழே மோட்டார் காயில் கட்டும் கடை,
மேலே வில்.

கண்ணில் முதலில் பட்டது அந்தக் கறுப்பு.
கார்பன். நாற்பத்தைந்து பவுண்டு.
இரு முனையிலும் சக்கரம்,
நடுவே குறுக்கும் நெடுக்கும் நாண்கள்,
தையல் மிஷினும் வௌவாலும்
சேர்ந்து பெற்ற பிள்ளை போல.
விலை கேட்குமுன்பே
என் வீட்டுச் சுவரில் அதை மாட்டியாகிவிட்டது.

"அத்த வுடுக்கா. மொதல்ல கைய விரி."
பெனிட்டாவுக்கு இருபது இருந்தால் அதிகம்.
விரித்தேன்.
நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை
டேப் ஓடியது: நூற்றைம்பத்தேழு சென்டிமீட்டர்.
இரண்டரையால் வகுத்தாள், அங்குலமாக்கினாள்.
இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைய.
நான் இழுக்கக்கூடிய தூரம் அவ்வளவுதானாம்.
ரவிக்கைக்குக்கூட யாரும் என்னை
இத்தனை அக்கறையாய் அளந்ததில்லை.

இரண்டு கையையும் சேர்த்து
சின்னதாய் ஒரு முக்கோணம் வைக்கச் சொன்னாள்.
அதற்குள் சுவர்க் கடிகாரம்.
வலக்கண்ணை மூடினேன். கடிகாரம் இருந்தது.
இடக்கண்ணை மூடினேன்.
கடிகாரம் இல்லை. காரை பெயர்ந்த சுவர், ஒரு பல்லி.
திரும்பச் செய்தேன்.
மூன்றாம் முறையும் பல்லிதான்.

முப்பத்தெட்டு வயது.
பதினாலு வருஷமாய் எக்ஸ்ரே அறையில்
ஊரார் எலும்பையெல்லாம்
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தவள்.
எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று
இன்றைக்குத்தான் தெரிகிறது.

கறுப்பு, வலக்கைக்காரருக்கு மட்டும்.
"வலது கைலதானே எழுதறேன்" என்றேன்.
"எழுதறதுக்கு வேற கட இருக்குது" என்றாள்.

இடக்கைக்கு இருந்தது ஒன்றே ஒன்று.
கத்தரிப்பூ நிறம்.
எவனோ ஒரு பையன் முன்பணம் கொடுத்துவிட்டு
வராமலே போனது.
பதினைந்திலிருந்து ஐம்பதுவரை
திருகித் திருகி ஏற்றிக்கொள்ளலாம்.
முப்பத்தைந்து வை என்றேன், ரோஷமாய்.
வைத்தாள்.
நாண் பாதி வந்தது,
தோள் காதுக்கு வந்தது,
மின்விசிறியைப் பார்த்தபடி நின்றேன்.
அவள் சிரிக்கவில்லை. அதுதான் சுருக்கென்றது.
ஆலன் கீயை எடுத்தாள்.

இருபத்தெட்டு.
கனத்தது, இன்னும் கனத்தது,
இனி முடியாது என்கிற இடத்தில்
சக்கரம் புரண்டு
கனம் கழன்றுபோனது.
ஆறு பவுண்டுகூட இருக்காது கையில்.
அப்படியே நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது.
பதினொரு வேகன் எண்ணினேன்.
மூச்ச இழுங்க, புடிங்க, அசையாதீங்க.
ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்வது.
அடுத்த சொல்லும் வாயில் வந்துவிட்டது,
விரல் ட்ரிகரில்.

"யக்கா! அம்பு இல்லாம வுட்டுடாத!
வில்லு ஒடைஞ்சி பூடும். மெதுவா எறக்கு."

இறக்குவது இழுப்பதைவிடக் கஷ்டம்.
முன்னால் பாய்ந்து
என்னையும் ரெண்டடி இழுத்துக்கொண்டு போனது.

இருபத்து மூன்றாயிரத்து ஐந்நூறு.
பேரம் பேசியதில் ஒரு கைப்பட்டை கொசுறு.
அம்பு என் நீளத்துக்கு அறுத்து வரவேண்டும்.
வியாழக்கிழமை.

ஷேர் ஆட்டோவில் பெட்டிக்கும் ஒரு சீட்டுக் காசு.
உள்ள இன்னா, கீபோர்டா என்றார்
மடியில் மீன்கூடை வைத்திருந்தவர்.
ஆமாம் என்றேன்.
சர்ச்சுக்கா?
ஆமாம்.
உண்மை சொன்னால்
தண்டையார்பேட்டை வரைக்கும் சொல்லவேண்டியிருக்கும்.

இன்று திங்கள்.
கேஸ் சிலிண்டருக்கு மேலே, ஆணியில்,
கத்தரிப்பூ வில்.
தொடலாம். இழுக்கக்கூடாது.
பாத்திரம் துலக்கி, ஈரக்கையை நைட்டியில் துடைத்து,
முக்கோணம் வைத்து
வலக்கண்ணை மூடுகிறேன்.
காலண்டரில் வியாழன்
இருந்த இடத்திலேயே இருக்கிறது.